பட்டம் பெறாத குழல்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே, இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாயாங் லாயாங். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரக் காடுகள். இன்று பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் வியர்வை சிந்திய தமிழர், லயங்கள் எழுந்த கையோடு கோவிலையும் எழுப்பினர், பள்ளியையும் எழுப்பினர். மலாய் மொழியில் லாயாங் லாயாங் என்பது வானில் விடும் பட்டத்தையும் குறிக்கும். ஊரின் பெயரிலேயே பட்டம் பறக்கிறது. ஆயின், அத்தகைய ஊரில் பிறந்த பிள்ளை ஒருவன் நாதசுரம் கற்றுப் பட்டம் பெற விரும்பினால், பள்ளியில் தொடங்கி முதுகலை வரை ஏறிச் செல்ல ஒரு படிக்கட்டு இந்நாட்டில் இல்லை. இல்லாமை ஒரு குறை. அதைத் தமிழர் சமூகம் குறையென்றே உணராதிருப்பது அதனினும் பெரிய குறை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்க. நாலாம் ஆண்டில் அவன் கையில் ரெக்கார்டர் என்னும் நெகிழிக் குழல் தரப்படுகிறது. 1983ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் இசைக்கு இடந்தந்தது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அக்குழலை ஊதி வருகின்றனர். ஆக, இந்நாட்டுத் தமிழ்ப்பிள்ளை துளைக்கருவியைத் தொடாதவன் அல்லன். விரலால் துளை மூடவும், மூச்சை அளந்து விடவும், நாவால் ஒலியைப் பிரிக்கவும் பத்து வயதிலேயே அவன் பழகிவிடுகிறான். திருவிழா நாளில் கோவில் முன் நின்று கேட்ட மல்லாரியின் ஒரு துண்டை அவன் அந்த நெகிழிக் குழலிலேயே தேடிப் பார்க்கவும் கூடும்.

அதன்பின் அவன் எங்கே போவான்? இடைநிலைப் பள்ளியின் வாத்தியக் குழுவில் சேர்ந்தால் கிளாரினெட் கிடைக்கும். முயன்றால் உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இசைப் பட்டம் கிடைக்கும். மேலும் முயன்றால், ஜொகூர் நீரிணையைக் கடந்தவுடன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக்கல்லூரி இருக்கிறது. 2001இல் நிறுவப்பட்ட அக்கல்லூரியில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் ஆகிய மேலைத் துளைக்கருவிகளை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுகலை வரை பயிலலாம். கிளாரினெட் ஊதும் தோட்டத்துப் பிள்ளைக்கு உலகம் திறந்திருக்கிறது. நாதசுரம் ஊத விரும்பும் அதே பிள்ளைக்குக் கோவில் வாசலோடு வழி முடிந்துவிடுகிறது.

கிளாரினெட்டின் மீது எவர்க்கும் பகையில்லை. நாதசுரம் பயின்று பின்னர்க் கிளாரினெட்டைக் கருநாடக இசைக்குப் பழக்கிய ஏ. கே. சி. நடராசன் 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். கருவிகளுக்குள் சாதி பார்ப்பது கலைஞன் செயலன்று. கேள்வி வேறு. பிறர் தம் கருவிக்குப் படிக்கட்டுக் கட்டி வைத்திருக்கின்றனர். தமிழர் தம் கருவிக்கு ஏன் கட்டவில்லை?

முதுகலைப் படிப்பில் அப்படி என்ன கற்பிக்கப்படுகிறது என்று வினவுவார் உளர். ஓபோ என்னும் கருவியை எடுத்துக்கொள்க. அதுவும் நாதசுரம் போலவே இரட்டை நாக்குக் கருவி; மூங்கிலை ஒத்த நாணல் தட்டைகள் இரண்டின் நடுவே மூச்சு பாய்ந்து ஒலி பிறக்கிறது. அதைப் பயிலும் மாணவன் வாரந்தோறும் ஆசிரியர் முன் தனியே அமர்ந்து கற்கிறான். பல நூற்றாண்டுப் படைப்புகளை வரன்முறையாகப் பயில்கிறான். பிற கருவியாளரோடு இணைந்து வாசிக்கிறான். அவையோர் முன் முழு நிகழ்ச்சி நடத்தித் தேர்வு பெறுகிறான். தன் கருவியின் வரலாற்றை ஆய்ந்து எழுதுகிறான். இவற்றோடு, தனக்கு வேண்டிய நாக்கைத் தானே சீவிச் செய்து கொள்ளவும் கற்கிறான். பிரான்சின் தென்பகுதியில் விளையும் நாணல் அதற்கெனவே பெயர் பெற்றது.

இவற்றுள் எது நாதசுரத்துக்குப் பொருந்தாது? காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் செய்யப்படும் சீவாளிக்குத் திருவாவடுதுறை பெயர் பெற்றது. ஆச்சா மரத்தைக் கடைந்து கருவி செய்யும் நரசிங்கம்பேட்டையின் கைவினைக்கு 2022இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நாதசுரம் ஓரிடத்தில் நின்றுவிட்ட கருவியும் அன்று. குட்டையாய் உச்சச் சுருதியில் ஒலித்த திமிரி, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரிக்கு இடந்தந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் செவியும் நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியின் கையும் கூடி அம்மாற்றத்தை நிலைபெறச் செய்தன. கலைஞனும் கம்மியனும் சேர்ந்து ஒரு கருவியின் குரலையே மாற்றியமைத்த இவ்வரலாறு, எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆய்வேட்டுக்கு உரிய பொருள். வீதியுலாவில் ஒலிக்கும் மல்லாரி, வழிபாட்டு வேளைக்கேற்ற இராகம், இரவெல்லாம் விரியும் ஆலாபனை என அதன் பாடப்பரப்பு விரிந்து கிடக்கிறது. பாடத்திட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அதை எழுத அமர்வோர் இல்லை என்பதே குறை.

எதிர்ப்புரைகள் பல. முதலாவது, நாதசுரம் பரம்பரை வித்தை, அது குருதியில் வருவது, வகுப்பறையில் வராது என்பது. இக்கூற்றை வரலாறே மறுத்துவிட்டது. ஆந்திர நாட்டுக் கரவதியில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சைப் பாணியை நாச்சியார்கோவில் இராசம், துரைக்கண்ணு சகோதரரிடம் பயின்று, திருவரங்கத்தில் குடியேறி, 1982இல் சாரதா நாதசுர சங்கீத ஆசிரமத்தைத் தோற்றுவித்து மாணவரை உருவாக்கினார். 1998இல் சங்கீத கலாநிதி ஆனார். அவர் மாணவருள் ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் இணையர் 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றனர். அவருள் காலீஷாபி பெண். அவருக்கும் முன்னரே மதுரை பொன்னுத்தாய் நாதசுரத்தைப் பெண்ணின் கையில் ஏற்றி ஊர் உலகை வியக்க வைத்தார். கலை குருதியில் வருவதாயின் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? உழைப்பிலும் ஆசானின் அருகிலும் வந்தது. பரம்பரை என்னும் சொல் சில வேளை கலையைக் காக்கும் வேலியாகிறது. பல வேளை பிறர் நுழையாதபடி அடைக்கும் படலாகிறது. தோட்டத்தில் பிறந்த எப்பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அப்படல் திறந்தாக வேண்டும்.

குருகுலத்தை விட்டால் கலை கெடும் என்பாரும் உளர். குருகுலத்தின் உயிர் ஆசானும் மாணவனும் நேருக்கு நேர் அமர்வதில் இருக்கிறது. கூரை எதுவாயினும் அதற்கு ஊறில்லை. உயர்நிலை இசைக்கல்லூரிகள் இன்றளவும் பற்றி நிற்பது அம்முறையைத்தான். இந்நாட்டிலேயே சான்று உண்டு. கிளாந்தான் நிழற்கூத்தின் பேராசான் அம்சா அவாங் அமாட், கலையைக் கிராமத்தில் கற்றவர். 1993இல் நாட்டின் தேசியக் கலைஞர் விருது பெற்றவர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் கற்பித்தவர். பல்கலைக்கழகம் அவரைத் தேடிச் சென்றது. மலாய்க் கலைக்கு இயன்றது தமிழ்க் கலைக்கு மட்டும் இயலாதா?

இரண்டாவது எதிர்ப்புரை, நாதசுரம் கோவிலிலும் வீதியிலும் ஒலிக்க வேண்டிய கருவி, அதற்குக் கல்லூரி எதற்கு என்பது. பாரிசு நகரத்து இசைக்கல்லூரியின் பிறப்பை இவர்கள் அறிதல் நன்று. உலகின் பிற இசைக்கல்லூரிகளுக்கெல்லாம் முன்மாதிரியாய் நின்ற அக்கல்லூரி 1795இல் நிறுவப்பட்டது. அதன் வேர் எங்கே? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், மக்கள் திரளும் திறந்தவெளி விழாக்களில் ஊதுவதற்கென வாத்தியக்காரரைப் பயிற்றிய தேசியக் காவற்படையின் இசைப்பள்ளியே அதன் தாய். வீதியில் ஊதியவர்க்காக எழுந்த பள்ளி, உலகப் புகழ்க் கல்லூரியாய் வளர்ந்தது. வீதியில் ஒலிப்பது இழிவன்று. வீதியிலேயே விட்டுவிடுவதுதான் இழிவு.

மூன்றாவது எதிர்ப்புரை வயிற்றிலிருந்து எழுவது. பட்டம் பெற்றால் சோறு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கின்றனர். ஏழைத் தோட்டக் குடும்பத்தின் நேர்மையான கேள்வி அது. எள்ளி நகையாடத் தக்கதன்று. விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும். இந்நாட்டுக் கோவில்கள் நாதசுரத்தையும் தவிலையும் கைவிடவில்லை, திருமணங்களும் கைவிடவில்லை. தேவை இருக்கிறது. அத்தேவையைப் பெருமளவில் நிறைவேற்றுவோர் தமிழ்நாட்டிலிருந்தும் ஈழத்திலிருந்தும் வேலை அனுமதியில் வருவிக்கப்படும் கலைஞர். அவர்கள் மீது குறையில்லை. அவர்கள் ஊதியிராவிடில் பல கோவில்களில் ஓசையே அற்றுப் போயிருக்கும். ஆயின், 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்து எல்லைகள் அடைபட்டபோது அந்த ஏற்பாட்டின் நலிவு வெளிப்பட்டது. 2022 ஏப்பிரல் முதல் நாளில்தான் எல்லைகள் முழுமையாகத் திறந்தன. அந்த ஈராண்டும் புதிய கலைஞர் வரும் வழி குறுகிக் கிடந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் வேரூன்றிய இனம், தன் மங்கல ஓசைக்குக் குடிநுழைவுத் துறையின் முத்திரையை எதிர்பார்த்து நிற்பதா?

மலேசியப் பில்ஆர்மோனிக் இசைக்குழு 1998இல் தொடங்கியபோது அதன் கலைஞருள் மிகப் பலர் அயல்நாட்டினரே. எனினும் அக்குழுவினர் அத்தோடு அமையவில்லை. உள்நாட்டு இளையோரைப் பயிற்ற இளையோர் இசைக்குழு ஒன்றையும் அமைத்தனர். 2007இல் அது முதன்முறையாக மேடையேறியது. வரவழைப்பது ஒரு கை, வளர்ப்பது மறு கை. தமிழ்ச் சமூகம் வரவழைக்கும் கையை மட்டும் நீட்டி, வளர்க்கும் கையை மடித்து வைத்துக்கொண்டது.

இளைஞர்க்கு ஆர்வமில்லை என்பது நாலாவது எதிர்ப்புரை. இதனினும் பொய்யான கூற்று வேறில்லை. தைப்பூசத்தில் காவடிகளின் முன் முழங்கும் உறுமி மேளக் குழுக்களைக் கண்டவர் எவரும் இதைக் கூறத் துணியார். எப்பள்ளியும் கற்பிக்காமல், எவரும் பொருள் தந்து ஊக்காமல், இளைஞர் தாமே கூடித் தாமே கற்று அக்குழுக்களை வளர்த்தனர். ஆர்வம் ஆறாய்ப் பெருகி ஓடுகிறது. அதற்குக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, வயலுக்குப் பாய்ச்சும் பொறுப்பு மூத்தோருடையது. வாய்க்காலை வெட்டாமல் வெள்ளத்தைப் பழிப்பது அறமாகாது.

இவ்வெதிர்ப்புரைகள் அனைத்துக்கும் அடியில் ஒன்று மறைந்து கிடக்கிறது. அது மதிப்பின்மை. திருமண மண்டபத்தில் நாதசுரக் கலைஞர் எங்கே அமர்த்தப்படுகிறார் என்பதைப் பார்த்தாலே போதும். ஒரு மூலை, காலணிகள் குவிந்த இடத்துக்கு அண்மையில் ஒரு பாய். அவர் தோடியை மெல்ல விரித்து மேலே ஏறும் வேளையில், மணவறைப் பக்கமிருந்து ஒரு விரல் உயர்ந்து அசைகிறது. "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று குரல் எழுகிறது. இராகம் பாதியில் அறுந்து விழுகிறது. அடுத்த கணம் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. கலைஞர் பசியோடு காத்திருந்து கடைசிப் பந்தியில் உண்கிறார். அதே வீட்டார் தம் பிள்ளைக்குப் பியானோ கற்பிக்க மாதந்தோறும் பணம் கட்டுகின்றனர். இலண்டனிலிருந்து வரும் தேர்வுச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகின்றனர். சான்றிதழ் உள்ள கருவிக்குக் கூடம், சான்றிதழ் இல்லாத கருவிக்கு மூலை! 1947இல் இந்திய விடுதலை விழாவின்போது தில்லியில் மங்கல இசை முழக்கியவர் இராசரத்தினம் பிள்ளை. ஒரு நாட்டின் பிறப்பை அறிவித்த கருவிக்கு, அதே இனத்தார் வீட்டு மண்டபத்தில் மூலைதான் கிடைக்கிறது.

பட்டம் வந்தால் மதிப்பு வந்துவிடுமா எனின், முழுதும் வாராது. பட்டம் பெற்றவரெல்லாம் கலைஞரும் அல்லர். பட்டம் பெறாத மேதைகளால்தான் இக்கலை இதுவரை வாழ்ந்தது. எனினும், இந்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆசிரியராக அமரவும், பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றவும், உதவித்தொகை பெறவும் ஏட்டில் எழுதிய தகுதி வேண்டும். அத்தகுதி இல்லாத கலை, எத்துணை உயர்ந்ததாயினும், அலுவலகக் கதவுக்கு வெளியே நிற்கும். பட்டம் கலையை உண்டாக்காது. கலைஞனுக்கு நாற்காலி தரும். நாற்காலியில் அமர்ந்தவனே அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க முடியும்.

முறையான தகுதி என்பது தமிழர்க்குப் புதிதும் அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், யாழாசிரியன் ஆகியோரோடு குழலாசிரியனுக்கும் இலக்கணம் வகுக்கிறது. அவன் எவற்றையெல்லாம் அறிந்திருத்தல் வேண்டும் என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் குழல் செய்வதற்குரிய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றையும் குழலின் அளவையும் துளையையும் விரித்துரைக்கிறார். இதைப் பாடத்திட்டம் என்னாமல் வேறென்ன என்பது? தமிழாசிரியர் பலர் இக்காதையை வகுப்பில் கடந்து செல்லும்போது அருஞ்சொற்பொருள் கூறி அமைகின்றனர். குழலாசிரியன் என்ற சொல்லுக்குப் பொருள் கேட்கும் மாணவனுக்கு, உயிரோடு ஒரு குழலாசிரியனைக் காட்ட இயலாத நிலையில் அப்பாடம் எப்படி நிறைவுறும்?

இது தமிழர்க்கு மட்டும் உரிய சிக்கல் என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. மலாய் அரசர்களின் நொபாட் வாத்தியத்தில் ஒலிக்கும் செருனாய், நாதசுரத்துக்கும் வடநாட்டுச் செனாய்க்கும் உறவான கருவி. அரசவையில் அதற்கு அரியணை அருகே இடம். கலை பண்பாடு பாரம்பரியத் தேசியக் கழகமான அஸ்வாரா, 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கிய நாள் முதல், நாட்டின் மரபுக் கலைகளை உயர்கல்வியாகக் கற்பித்து வருகிறது. செருனாயும் நாதசுரமும் ஒரே கூரையின் கீழ் ஒப்பிட்டுப் பயிலப்படுமாயின், அது நாட்டு ஒருமைப்பாட்டுக்கு ஆயிரம் மேடைப்பேச்சினும் மேலான தொண்டாகும்.

என் செய்யத் தகும்? முதலாவது, தமிழ்ப்பள்ளிகளில் ரெக்கார்டரில் தேர்ந்த மாணவரைக் கண்டறிந்து, புறப்பாட நடவடிக்கையாக நாதசுரமும் தவிலும் பயிலச் செய்தல் வேண்டும். லாயாங் லாயாங் போன்ற சிற்றூர்ப் பள்ளி ஒன்றினால் இது தனித்து இயலாது. குளுவாங் வட்டாரப் பள்ளிகள் கூடின் இயலும். இரண்டாவது, அயல்நாட்டுக் கலைஞரை வருவிக்கும் ஒவ்வொரு கோவில் நிருவாகமும், அவரிடம் உள்ளூர் மாணவர் இருவரையேனும் பயிலச் சேர்த்தல் வேண்டும். கற்பித்தலுக்குத் தனி ஊதியமும் தருதல் வேண்டும். மூன்றாவது, உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சான்றிதழ், பட்டயம், இளங்கலை, முதுகலை எனப் படிநிலை அமைய முறையான விண்ணப்பம் எழ வேண்டும். பட்டமில்லா முதுகலைஞரின் முன்னனுபவத்தை மதிப்பிட்டு உயர்கல்விக்கு ஏற்கும் முறை மலேசியத் தகுதி முகமையிடம் ஏற்கெனவே உண்டு. அவ்வாயிலை நாதசுரக் கலைஞர் பயன்கொள்ள வழிகாட்டுவோர் வேண்டும். நாலாவது, அப்படிநிலை அமையும் வரை, சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக்கல்லூரிகளுக்கும், 2013இல் தோன்றிய தமிழ்நாட்டு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கும், யாழ்ப்பாணத்துக்கும் ஆண்டுக்கு ஒரு மாணவரையாவது உதவித்தொகையோடு அனுப்புதல் வேண்டும். மருத்துவம் பயில அனுப்பத் தெரிந்த சமூகத்துக்கு மங்கல இசை பயில அனுப்பத் தெரியாதா?

அப்படிப் பயில்வோர் ஆய்வதற்கும் பொருள் குறைவில்லை. தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த நாதசுரக் கலைஞர் யார், அவர் எக்கோவிலில் ஊதினர், எவர்க்குக் கற்பித்தனர் என்பது எழுதப்படாத வரலாறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்து, முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறையும் இக்காலத்தில், அவ்வரலாறு நாள்தோறும் கரைகிறது. இன்று கேட்டு எழுதாவிடில் நாளை கேட்பதற்கு ஆளிரார். நூலகத்தில் காத்திருக்கும் நூல் போன்றதன்று அது. மூச்சோடு நிற்பது, மூச்சோடு போவது.

பட்டம் நூலால் பறக்கிறது. நூலை அறுத்துவிட்டு, காற்றில்லை எனக் குறை கூறுவது பேதைமை. லாயாங் லாயாங்கின் பத்து வயதுப் பிள்ளை கையில் குழலோடு நிற்கிறான். அவனிடம் மூச்சும் உண்டு, செவியும் உண்டு. அவன் கையில் நூலைக் கொடுப்பது பள்ளியின் கடன், கோவிலின் கடன், பல்கலைக்கழகத்தின் கடன். அக்கடன் தீராதவரை, மணவீட்டில் விரலை உயர்த்திக் கெட்டி மேளம் கேட்கும் உரிமை தமிழர் எவர்க்கும் இல்லை.